அளந்ததும் அளந்துவிட்டதும்

அன்பு மகளுக்கு,

எலிகளுக்கெல்லாம் ராஜாதிராஜன், உன் சித்தியின் காலில் ஐஸ் பை வைத்துப் பிடிக்கும் ஒரே சேவகன், உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் மூன்று காலோடு நலம், நாலாவது கால் சித்தியுடையது, அது மட்டும் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது. நீ இரண்டு காலோடும் நலமாக இருக்க வேண்டும். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வர்றேன்னு சொல்லிப் போனவர், அந்த ‘இதோ’வுக்கு இந்நேரம் பேரன் பிறந்திருப்பான். நீ வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடாதே. என்னைக் கேட்டால், அலுப்பாக இருக்கிறது அம்மா.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கசப்பு இலையிலிருந்து மருந்து பிரித்ததைப் போன கடிதத்தில் உனக்கும் அளந்துவிட்டேன் அல்லவா. எலியின் கணுக்காலில் யூரிக் அமிலத் துகளை ஊசியால் ஏற்றினால் சித்திக்கு வருகிற மாதிரியே வீங்கும், பாதி எலிகளுக்கு இலைமருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர், பிறகு கணுக்காலை அளவு இடுக்கியில் வைத்து அளக்க வேண்டும். அளப்பது எனக்குத் தொழில், அளந்துவிடுவது பிறவிக்குணம். மருந்து குடித்த எலிகளுக்கு வீக்கம் மளமளவென்று வடிந்ததும், இனி இதுகள் பூனையைத் துரத்தும், நீ என்னைத் துரத்துவாய் என்று சித்தியிடம் முழங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் நம்பாத மகராசி, இதை மட்டும் நம்பித் தொலைத்தாள். அதான் இலை வருதே, இந்தக் கண்றாவி எதுக்குன்னு டாக்டர் கொடுத்த மாத்திரையை எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டாள்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நான் ‘சந்தேகம்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறேன், சார் எது மருந்துக் கூண்டுன்னு தெரிஞ்சுக்கிட்டுதானே அளக்கறீங்க என்று கேட்டுவைத்தாள். புது எலிகளை வைத்து, கூண்டுச் சீட்டுகளை மூடிவிட்டு, என்னை மறுபடி அளக்கச் சொன்னாள். வித்தியாசம் போன இடம் தெரியவில்லை மகளே. மருந்துக் கால் என்று தெரிந்தபோதெல்லாம் என் கை தானாகவே இடுக்கியை ஓர் இம்மி அழுத்தியிருக்கிறது, வீங்கிய சதை அமுங்கிக் கொடுத்திருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை, என் ஆசைதான் வேலை செய்திருக்கிறது. சட்டையைக்கூட மாற்றாமல் நேரே சித்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போர்வை பட்டாலே எனக்கு உயிர் போகுது, நீங்க அதுங்க காலைப் புடிச்சு அமுக்குனீங்களா என்றுதான் கேட்டாள்.

நாளை டாக்டரிடம் போகிறோம், அங்கே நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது சித்தியின் உத்தரவு. நீ நீடூழி வாழ வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உன் பக்கத்திலேயே இருக்கும். மறக்காமல் சித்திக்குப் போன் போடு, வலியே இல்லடி என்பாள், நம்பாதே.

எலிகளிடம் முகம் காட்ட முடியாத,
உன் சித்தப்பா