உப்புக்கண்டக் கோபுரம்

மார்ச் 3, 2016
எட்டு மணிக்குத் தேவாலயக் கதவைத் திறந்தேன். சிபியூ நகரத்திலிருந்து பொறியாளர் வந்திருக்கிறாள், பெயர் இலியானா. கோவிலை ஒட்டிய உப்புக்கண்டக் கோபுரத்தில் விரிசல் கை நுழையும் அளவுக்கு ஆகிவிட்டது. அது விழுந்தால் கோவிலின் வடக்குச் சுவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

எனக்கு எழுத்து தெரியாது. யுத்தம் முடிகிற சமயம், அம்மாவை ரஷ்யாவுக்குச் சுரங்க வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோன வருஷம் எருமை மேய்க்கப் போனேன். பள்ளிக்கூடம் அதோடு சரி. நான் சொல்ல, பக்கத்து வீட்டு ஃப்ளோரிகா எழுதுகிறாள்.

மார்ச் 4
"கூரையிலிருந்துதான் தண்ணி இறங்குது தாத்தா" என்றாள் இலியானா. பிறகு கோபுரத்தின் அடிச்சுவரில், சிமெண்டில் பதிந்த குறியைத் தடவினாள். இரண்டு கொம்பு, நடுவில் ஒரு கோடு.

"இது யாரு பூசினது?"

"ஜெர்மனிக்குப் போய்ட்டாங்கம்மா. ஜெர்மன் பேசுற எங்க சாக்சன் ஆளுங்கள்ல இங்க மிஞ்சினது நான்தான்."

நான்தான் பூசினேன். 1974இல். இதை எழுதாதே என்றேன். "சொல்றதை எல்லாம் எழுதுன்னு நீங்கதான சொன்னீங்க, தூமஸ் மாமா?" என்கிறாள் ஃப்ளோரிகா.

மார்ச் 7
மழை.

மார்ச் 9
ஊரின் அத்தனை வீட்டுப் பன்றிக்கறியும் உப்பிட்டு அந்தக் கோபுரத்தில்தான் தொங்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரவர் துண்டை அறுத்துக்கொள்வோம்; மாறிப்போகாமலிருக்கத் தோலில் வீட்டு முத்திரை. ஐந்நூறு வருஷ உப்பு சுவரில் இறங்கியிருக்கிறது. வருஷா வருஷம் சுண்ணாம்பு உதிரும், ஈஸ்டருக்கு முன் மறுபடி அடிப்போம். எனக்கு அலுத்துவிட்டது. கூட்டுப்பண்ணையில் சிமெண்டு கிடைத்தது. இனி பேரன்மார்கூடச் சுண்ணாம்பு மட்டை எடுக்க வேண்டாம் என்று பெருமையடித்தேன். ஈரத்திலேயே முத்திரையை அழுத்தினேன் – எனக்கு அதுதானே கையெழுத்து!

மறுவருஷமே சிமெண்டுக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறியது. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நாற்பத்தொரு வருஷம்.

மார்ச் 12
இலியானாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ரொட்டி, வெங்காயம், உப்புக்கண்டம். அறுத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். தோலைத் திருப்பினாள். இரண்டு கொம்பு, ஒரு கோடு.

"இது ஜெர்மனியிலேர்ந்து வந்த கறியா தாத்தா?"

ஃப்ளோரிகா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுவருஷமே ஈரம் ஏறியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப தண்ணி கூரையிலேர்ந்து இல்ல, சிமெண்டுக்குள்ள ஈரம் அடைபட்டு அடி இத்துப்போயிருக்கும். நான் அதுமேல சாரம் ஏத்திட்டேனே!" – கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மார்ச் 13
முட்டுக் கொடுக்க மரம் நாளைதான் வரும். மழை விடவில்லை.

மார்ச் 14
காலை ஆறரைக்குக் கோபுரம் விழுந்தது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. வடக்குச் சுவரில் பாதி போய்விட்டது.

மார்ச் 16
இடிபாட்டில் என் சிமெண்டுப் பாளம் உடையாமல் மல்லாந்து கிடக்கிறது. முத்திரைக்குள் மழைத்தண்ணீர்.

இலியானா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மிச்சத்தையாவது நிக்க வைக்கணும். வேற எங்கெல்லாம் பூசினீங்க தாத்தா?"

கோவிலை வெளியிலும் உள்ளேயும் சுற்றி நடந்து கைகாட்டினேன். அவள் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். ஏழு இடம். ஏழாவது பலிபீடத்துக்குப் பின்னால். அதை இன்றுவரை ஃப்ளோரிகாவிடம்கூட நான் சொன்னதில்லை.