டிராக்டரில் ஏறுகிற ஒரு நிமிடம்

ஆவணி 14, சனிக்கிழமை.

போன வாரம் யூடியூப்காரத் தம்பி ஒருவன் வந்து, பருத்தியில் புழுவை எப்படித் தடுக்கிறேன் என்று என்னை ஒரு மணி நேரம் பேசவைத்துப் படம் பிடித்தான். இன்று வீடியோ வந்தது. ஒரே நிமிடம். நாலடி உயரமுள்ள நான் முக்காலி போட்டு டிராக்டரில் ஏறுகிறேன். பின்னால் சர்க்கஸ் மேளம். தலைப்பு ‘குட்டி விவசாயி’. எனக்கு வயது நாற்பத்தாறு.

போன் போட்டுக் கேட்டேன். “பேச்ச யாருண்ணே கேக்குறாக? நீங்க ஏறுறதத்தான் பாக்குறாக” என்றான்.

என் மனைவி செல்வி இரண்டு முறை பார்த்தாள். “புழுவப் பத்திச் சொன்னீகளே, அது எங்கங்க?” என்றாள்.

பதினெட்டு வருடமாக அந்த முக்காலியில்தான் ஏறுகிறேன். நாளை ரெட்டியபட்டி ரோட்டை ஒட்டிய கரிசலில் உழவு. முதல் பஸ் வருவதற்குள் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும்.