சாவ் என்று முடிந்த கடிதங்கள்

இன்று காலை உன் தெருப் பக்கம் போனேன். சித்திரை வெயிலில் உன் கம்பளிக் கோட்டு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்துருண்டை வாசனை தெருவரை வந்தது. நீ வராமல் உன் பெட்டி மட்டும் வந்தபோது அதற்குள் இருந்தது அது. உத்திரமேரூரில் யாருக்குக் கோட்டு வேண்டும்? உன் அம்மா வருடத்துக்கு ஒருமுறை காயவைத்து, மறுபடி மடித்து வைக்கிறாள்.

கன்னியர் மடத்துச் சகோதரிகள் மூலம் நீ இத்தாலிக்குப் போனாய். அப்போது நம் தெருவில் பட்டம் வாங்கிய ஒரே பெண் நான். உன் கடிதங்களை உன் அம்மாவுக்குப் படித்துக்காட்டும் வேலை எனக்கு வந்தது. மிலானில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்வதாக எழுதினாய். மத்தியானத்தில் கடைகளைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார்களாம். கிழவியின் மகனுக்கு நாற்பது வயது, பெரிய ஆபீசில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. கை நடுங்கினாலும் அவன் சட்டையை அவள்தான் தேய்ப்பாளாம். இங்கே இது சகஜம் என்று எழுதியிருந்தாய்.

"கல்யாணம் ஆவாத ஆம்பள கீற வூட்லயா எம்பொண்ணு கீறா?" என்றாள் உன் அம்மா.

எனக்கும் அதே சந்தேகம். பட்டப்பகலில் கடையைப் பூட்டும் ஊர் உண்டா? யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிறாயோ? ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் 'சாவ்' என்று ஒரு வார்த்தை வேறு. ஓர் உகரம் குறைந்த சாவு. அதை நான் வாய்விட்டுப் படித்ததே இல்லை. நீ ஒளித்து அனுப்பும் சேதி என்று நினைத்தேன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா" என்று பொய் எழுதிப் போட்டேன்.

நீ வந்தாய். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாய்.

"ஏண்டி பி.ஏ., இன்னாடி இது?"

அந்த வார்த்தையைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அடிப்பாவி, அது அவுங்க வணக்கம்டி! வந்தா ஒரு சாவ், போனா ஒரு சாவ்."

சிரிப்பு ஓய்ந்ததும், "அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"அவனா? அவங்கம்மா ஆத்திக் குடுத்தாத்தான் சூப்பே குடிப்பான்." இதைச் சொல்லும்போது மட்டும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

விடுப்பு முடிந்து, வாலாஜாபாத்தில் ரயிலுக்கு நின்றோம். "போவட்டாடி? நீ வேணாம்னா நின்னுடுறேன்" என்றாய். ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்துவிட்டுக் கேலிக்கு ஆளானவள் நான். "உன் இஷ்டம்" என்றேன்.

நீ போன ஏழாம் மாதம், நீ இறந்துவிட்டாய் என்று மடத்திலிருந்து கடிதம் வந்தது. காரணம், காய்ச்சல் என்று மட்டும் இருந்தது. அதையும் உன் அம்மாவுக்கு நான்தான் படித்தேன். அந்தக் காய்ச்சலை இன்றுவரை நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்க ஆதாரமும் இல்லை.

இப்போதெல்லாம் என் ஆபீசில் எந்தப் பெண்ணாவது வேறெங்கோ பார்த்துக்கொண்டு "ஒன்னுமில்ல" என்றால், நான் விடுவதில்லை. மறுபடி கேட்கிறேன். எரிந்து விழுகிறார்கள். விழட்டும். மறுநாளும் கேட்கிறேன்.