துணியில் தெளித்த வாசம்

அம்மருட், ஒஸ்லோ
ஒக்டோபர் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சனிக்கிழமை சித்தப்பா என்னை மான் வேட்டைக்குக் கூட்டிச் சென்றார். "தலைக்கு எண்ணெய் வச்சனியோ? இந்த மணத்துக்கு மான் தூரத்து ஸ்தவாங்கர் பட்டினத்துக்கே ஓடிடும்!" என்று சிரித்துத் தொப்பியை மாட்டிவிட்டார். பெண்மானின் வாசனை நீரைப் பழந்துணியில் தெளித்துக் கிளையில் கட்டினார். கலைமான் ஒன்று வந்து துணியை முகர்ந்தது. துணையைக் காணாமல் சுற்றிலும் பார்த்தது. சித்தப்பா துவக்கை உயர்த்தினார். நான் தும்மினேன். மான் ஓடிவிட்டது.

"தடிமனோ பிள்ளை?"

"ஓம் சித்தப்பா."

பொய் அம்மா. வேண்டுமென்றேதான் தும்மினேன்.

நீங்கள் தந்த சேலையைச் சித்தி தோய்த்துவிட்டார். அடுத்த பார்சலில் நீங்கள் உடுத்த சேலை ஒன்றைத் தோய்க்காமல் அனுப்புங்கள். இதை எழுதும் நூலகத்தில் விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்; நிறுத்துகிறேன்.

வினோஜா