ரேணு, உன் பக்கத்து பால் ஜாயிண்டையும் மாற்றிவிட்டோம்

என் அன்பு ரேணு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் நான் எழுதவில்லை. உனக்கு எழுதும்படியாக இங்கே ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்திருக்கிறது. நம் வண்டியின் முன்பக்க பால் ஜாயிண்ட் இரண்டையும் வீட்டிலேயே மாற்றிவிட்டோம். ஒன்றை நான் மாற்றினேன். இன்னொன்றை உன் வீட்டுக்காரர் மாற்றினார். நீ சிரிப்பது கேட்கிறது. சிரித்து முடி, மீதியைச் சொல்கிறேன்.

இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பரளச்சிப் பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு, நான் அறிவியல். அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸை நம்பிப் போய், பிரேயர் முடிந்தபின் தலைமையாசிரியரின் முகத்தில் விழித்து விழித்துச் சலித்துப்போய்த்தான் இருவரும் பாதிக்குப் பாதி போட்டு அந்தப் பழைய காரை வாங்கினோம். ஓட்டுவது நீ. பக்கத்தில் உட்கார்ந்து வருவது நான். பள்ளிக்கூட வாசலில் நீயும் நானும் 'டீச்சர்', காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் 'ஏடி'.

கூட்டாக வாங்கினால் சண்டை வரும் என்று எல்லாரும் பயமுறுத்தியதால் முதல் நாளே நீ பாகம் பிரித்தாய். ஸ்டியரிங் இருக்கிற வலப்பக்கம் உனக்கு. இடப்பக்கம் எனக்கு. அவரவர் பக்கம் தேய்ந்ததை அவரவர் மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு என்று நானும் சரி என்றேன். விளைவு என்ன? உன் பக்கத்து டயர் புதிதாக இருக்கும்போது என் பக்கத்து டயர் வழுக்கையாக இருக்கும். வண்டி ரோட்டை விட்டுவிட்டு ஓரத்துச் சீமைக்கருவேலைப் பார்த்தே இழுக்கும். என் பக்கத்து வைப்பருக்கு ரப்பர் கிடையாது. மழை பெய்யாத ஊரில் அது எதற்கு என்று நான்தான் கேட்டேன். பெய்த அன்று நீ ரோட்டைப் பார்த்தாய், நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் சண்டை மட்டும் வரவே இல்லை, இல்லையா?

நீ போனபின் வண்டி உன் வீட்டு வாசலில் தகரக் கொட்டகைக்குள் நின்றது. இந்தப் பங்குனியில் உன் வீட்டுக்காரர் ராமலிங்கம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். வீரசோழனிலிருந்து பழைய வண்டி வாங்கும் சிக்கந்தர் பாய் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், வண்டியைக் கொடுத்துவிடப் போகிறாராம். என் பங்கு எனக்கு வந்துவிடுமாம். ஏன் என்று கேட்டேன். உன் மகள் ஊருக்கு வந்திருந்தபோது திருச்சுழி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாளாம். ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கத்தில் 'டக்கு டக்கு' என்று சத்தம் வந்ததாம். மெக்கானிக் வந்து சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் பால் ஜாயிண்ட் போய்விட்டது, இப்படியே ஓட்டினால் சக்கரம் படுத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மன் கோவிலில் பங்குனிப் பொங்கல் சாட்டியிருப்பதால் திருவிழா முடிகிறவரை அவரால் கை வைக்கவும் முடியாதாம்.

பால் ஜாயிண்ட் என்றால் என்ன என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். எட்டாம் வகுப்புப் பாடம்தான். நம் தோளில் எலும்பின் உருண்டை முனை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து எந்தப் பக்கமும் சுழலுகிறது அல்லவா? பந்து கிண்ண மூட்டு. சக்கரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இடமும் வலமும் திரும்புவதற்கு அதே மாதிரி ஒன்றைக் காரில் இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள். கிண்ணம் தேய்ந்தால் சத்தம். ரொம்பத் தேய்ந்தால் பந்து வெளியே வந்துவிடும். நம் ஆய்வகத்து எலும்புக்கூட்டை நினைத்துக்கொள். பார்வையிட வந்த அதிகாரி வேடிக்கையாக அதற்குக் கை கொடுத்தாரே, குலுக்கிவிட்டு அவர் நகர்ந்தபோது கையும் அவரோடு போயிற்றே. அதுதான்.

சத்தம்தான் காரணம் என்றால் மாற்றிவிட்டால் போயிற்று என்றேன். யார் மாற்றுவது என்றார். "என் பக்கத்த நான் மாத்திக்கிறேண்ணே. உங்க பக்கம் உங்க இஷ்டம்" என்றேன். எத்தனை வருஷம் நீ வண்டிக்கு அடியில் கிடந்திருப்பாய், நான் ஸ்பேனரும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்திருப்பேன்? அடியிலிருந்து வரும் உன் குரலைக் கேட்டே பாதி வேலை எனக்கு மனப்பாடம். உன் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் பல்பு போனால்கூட உன்னைக் கூப்பிடுகிறவர், தன் பக்கத்தைத் தானே மாற்றுவதாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். நீ எனக்கு ஊட்டிய பயம் போகவில்லை. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, தள்ளிப் பார்த்து அசையவில்லை என்று உறுதியானபின்தான் சக்கரங்களைக் கழற்றினோம். அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம், நடுவில் என்ஜின். ஒருவர் பாகத்துக்குள் ஒருவர் கை வைப்பதில்லை என்று பேச்சு. குனிந்தால் அவர் மூக்குக்கண்ணாடி தெரியும். அவ்வளவுதான்.

முதலில் நட்டு கழலாமல் பிடித்திருக்கும் ஸ்பிளிட் பின்னை உருவ வேண்டும். அடுத்து நட்டைத் தளர்த்த வேண்டும், முழுக்கக் கழற்றிவிடக் கூடாது, இரண்டு மூன்று மரை மிச்சம் இருக்கட்டும் என்பாய். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் எகிறி முகத்தில் அடிக்காமல் அந்த நட்டு பிடித்துக்கொள்ளும். பிறகு பந்தின் தண்டைத் தொடாமல், தண்டு இறுகி உட்கார்ந்திருக்கும் இரும்புக் காதைப் பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்க வேண்டும். நான் அடித்தேன். அதிர்ந்து 'டங்' என்று விட்டது. அந்தச் சத்தத்துக்கு நானே பயந்து பின்னால் சாய்ந்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு முத்துலட்சுமி சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து, "டீச்சர், கட்டிலா செய்றீக?" என்று கேட்டாள். கால் மாற்று சிகிச்சை என்று சொன்னேன். "யாருக்கு?" என்றாள்.

உன் பக்கம் விடவில்லை. அவர் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். கரண்ட் போய்த் தெருவில் தறிச்சத்தமெல்லாம் நின்றதும் அவர் அடி ஒன்றுதான் ஊருக்கே கேட்டது. ஒரு அடி விரலில் விழுந்தது. உங்கள் வீட்டுத் தெலுங்கில் நீ எனக்குச் சாப்பிடச் சொல்லும் வார்த்தைகளை மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தாய். மற்ற வார்த்தைகளை அன்று அவரிடம் தெரிந்துகொண்டேன்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தத்துக்காக விக்கல டீச்சர்" என்றார். "தெனமும் சாயங்காலம் வாசலப் பாக்கேன். வண்டி மட்டும் நிக்கி. அவளக் காணோம்."

எழுந்து சுற்றிக்கொண்டு உன் பாகத்துக்குள் போனேன். பெரிய சுத்தியலை எடுத்து அந்தக் காதின் ஒரு பக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்தில் அடிக்கச் சொன்னேன். தனியாக அடித்தால் பாதி வேகம் வீணாகிவிடும், பின்னால் ஒரு கனம் முட்டுக் கொடுத்தால் அடி முழுசும் இரும்புக்குள் போகும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தார். இரண்டாவது அடியில் விட்டது.

அதன்பின் பாகமெல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு பக்கமும் ஆர்மிலிருந்த மும்மூன்று போல்ட்டையும் ஒருவர் பிடிக்க ஒருவர் கழற்றினோம். புது ஜாயிண்டை உட்காரவைத்து முறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டு வளைத்தோம். சக்கரத்தை மாட்டி இறக்கி நட்டுகளை இறுக்கினோம். அவர் முகமெல்லாம் கிரீஸ். "நல்லா இருக்குல்ல டீச்சர்? இனி பாய் கூடவே வெல சொல்லுவாரு" என்றார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் புரிந்தது. விற்கக் கூடாது என்று ரிப்பேர் செய்தேன். ரிப்பேர் செய்ததால் நன்றாக விற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வருவதற்கு முன்னால் ஒரு சுற்று போய்ச் சத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்துவிடலாம் என்றார் அண்ணன். சரி என்று கிளம்பினோம். நான் இடப்பக்கம் ஏறினேன். அவர் என்றைக்குமே பின்சீட்டுதான், பின்னால் ஏறினார். இருவரும் கதவைச் சாத்தினோம். கண்ணாடியை இறக்கினோம். காத்திருந்தோம்.

நிஜமாகத்தான் ரேணு. வீட்டைப் பூட்டிவிட்டு நீ வருவாய் என்று காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பின்னாலிருந்து அவர் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், யாரு ஓட்ட?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது என்பது நாள் முழுக்க வேலை செய்தும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. அழுதோமா சிரித்தோமா என்று முத்துலட்சுமியைத்தான் கேட்க வேண்டும், அவள் சுவரிலேயேதான் இருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் சிக்கந்தர் பாய் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானே ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லி உன் பக்கத்துக் கதவைத் திறந்தார். மனிதர் ஆறடிக்கு மேல். உன் சீட்டோ ஸ்டியரிங்கை ஒட்டிக் கிடக்கிறது. நீ மூக்கால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறாய் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்த அளவுக்கு முன்னால். பாய் குனிந்து சீட்டைப் பின்னால் தள்ள லீவரைத் தேடினார்.

"அதத் தொடாதீக" என்றார் உன் வீட்டுக்காரர்.

அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பாய் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். அந்த இடத்துக்குள்ளேயே தன்னை மடித்துத் திணித்துக்கொண்டார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரு பக்கமும், தலை கூரையில். கியர் போடக் கை நுழையவில்லை. அதனால் கியரை நான் போட்டேன். "டீச்சர், ரெண்டு" என்பார், இரண்டு போடுவேன். "மூணு" என்பார். உன் கையைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அது வந்திருந்தது. ஆட்களைப் பார்த்து மெதுவாகத்தான் போனோம். திருச்சுழி ரோட்டில் அந்தப் பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறினோம். ஒரு சத்தமும் இல்லை. வழக்கம்போல ஓரத்தை இழுத்தது. அலைன்மெண்ட் பார்த்துவிட வேண்டும் என்றார் பாய்.

திரும்பி வந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வண்டி நன்றாக இருப்பதாகச் சொன்னார். அண்ணன் விலை கேட்பார் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, சீட்டையே நகத்த விடமாட்டேங்கிறீக" என்றார் பாய். "வண்டிய எங்கிட்டுத் தரப்போறீக? டீயப் போடச் சொல்லுங்க, குடிச்சிட்டுக் கெளம்புறேன்."

உன் வீட்டுக்காரரே உள்ளே போய் டீ போட்டார். கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. மூன்று பேரும் குடித்தோம். விற்பதைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

அலைன்மெண்ட் பார்த்தாயிற்று. மெக்கானிக்கும் வந்து நாங்கள் போட்டதையெல்லாம் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, யார் வேலை என்று கேட்டுவிட்டுப் போனார். நான் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன். இந்த வயதிலா என்று கேட்காதே, கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நம் வண்டியிலேயே சொல்லித்தர ஒப்புக்கொண்டார், ஆனால் சீட்டைத் தள்ளாமல் பாடம் கிடையாது என்று சொல்லிவிட்டார். உன்னைவிட நான் எவ்வளவு உயரம் என்று உனக்கே தெரியும். அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். கதவைத் திறந்து குனிந்து லீவரைப் பிடித்தார். அதைத் தூக்கினால் சீட்டு பல் பல்லாகப் பின்னால் நகரும்.

"எத்தன பல்லு டீச்சர்?"

"ரெண்டு போதும்ணே" என்றேன். எனக்கு நாலு வேண்டும்.

முழங்கால் இடிக்கத்தான் செய்கிறது. பழகிவிடும். அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து, நான் பிரேக் போடும்போதெல்லாம் தானும் காலை அழுத்துகிறார். லைசென்ஸ் வந்ததும் முதலில் பரளச்சிக்குத்தான் போவோம்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான், ரேணு. ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்து என்ஜினை நிறுத்தியதும், அந்த இரண்டு பல்லையும் முன்னால் தள்ளி, சீட்டை உன் இடத்திலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

உன் கூடப் பிறக்காத அக்காள்,
பேச்சியம்மாள்