நெய் என்று சொல்லி ஊற்றியது

4 ஜூன் 1984
இவருக்கு வலது கை நடுங்குகிறது. "பட்டறையில லேத்து மிஷின்ல நின்னு நின்னு வந்தது, போயிடும்" என்கிறார்.

9 ஜூன்
சுங்குவார்சத்திரத்தில் கம்பவுண்டர் யாக்கோபுவிடம் காட்டினோம். "நடுக்குவாதம் மாதிரி கீது. மெட்ராஸ்ல காட்டுங்க. கெட்ட கொழுப்பு நரம்பைத் தின்னுடும்னு சொல்லிக்கிறாங்க. வூட்ல இன்னா எண்ணெய்?"

இவர் முந்திக்கொண்டார். "எண்ணெய் இன்னா எண்ணெய், எனக்குத் தெனம் நெய்தான்." நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

10 ஜூன்
இங்கேயாவது எழுதுகிறேன். ஐந்து வருடம் முன்பு மாடு செத்ததிலிருந்து நெய் ஜாடியில் இருப்பது வனஸ்பதி. முருங்கைக்கீரை போட்டு உருக்கி, மேலே ஒரு கரண்டி நெய். இவருக்கு நெய் இல்லாமல் சோறு இறங்காது. ஒரு காலத்தில் முகர்ந்தே பசுவா எருமையா என்று சொன்னவர். முதல் நாள் பயந்துகொண்டேதான் ஊற்றினேன். "வாசனை தூக்குது செங்கமலம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று எனக்கு எவ்வளவு கர்வம்.

அந்தக் கையை நான்தான் கெடுத்தேனா?

13 ஜூன்
ஜாடியைக் குப்பையில் கவிழ்த்தேன். இன்று வெறும் ரசம். நெய் எங்கே என்று கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை?

22 ஜூன்
சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது. சொன்னா இன்னா பண்ணுவாரு? இன்னா பண்ணாத்தான் இன்னா — சொல்லித் தொலையேன்டி.

2 ஜூலை
மெட்ராஸ். டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார், யாக்கோபு சொன்ன நடுக்குவாதம்தான். அங்கேயே அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — வனஸ்பதி, ஐந்து வருடம், எல்லாம்.

"அதாலதான் வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றவர் இவரிடம் திரும்பினார். "உங்களுக்கு வாசனை வித்தியாசம் தெரியலையா?"

இவர் தரையைப் பார்த்தார். "எனக்கு வாசனையே தெரியாது சார். எட்டு வருசமாச்சு. மாடு இருக்கசொல்லவே போயிடுச்சு."

சிலருக்கு நடுக்கம் வருவதற்கு ரொம்ப முன்பே அப்படி வாசனை போய்விடுமாம், டாக்டர் சொன்னார். இந்த வியாதி அப்போதே உள்ளே வந்திருக்கலாமாம்.

பஸ்ஸில் கேட்டேன். "அப்ப தெனம் வாசனை தூக்குதுன்னு சொன்னது?"

"நீ என் மூஞ்சியவே பாத்துக்கினு நிப்ப. வேற இன்னா சொல்றது?"

5 ஜூலை
நல்ல நெய் வாங்கி உருக்கிச் சோற்றில் ஊற்றினேன். குனிந்து முகர்ந்தார். "ஒண்ணும் தெரியல செங்கமலம்" என்றார், முதல் தடவையாக.

பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி மணக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன்.