மாடிக்கு நான் வராத கிரகணம்

பிப்ரவரி 24, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் இன்று கிரகணப் பாடம். கருநிழல் என்றால் வெளிச்சம் துளியும் எட்டாத இடம், புறநிழல் என்றால் அரைகுறையாக எட்டும் இடம். நான் வரைந்த பூமி இட்லி மாதிரி இருந்தது. சிரித்துத் தொலைத்தார்கள். அடுத்த செவ்வாய் சந்திரன் கிரகணத்தோடேயே உதிக்கும், சாயங்காலம் பள்ளி மாடியில் எல்லோரும் பார்க்கலாம் என்றேன்.

"மிஸ், நீங்களும் வருவீங்களா?" என்றாள் ஜான்சி. பாடத்தின் நடுவே இரண்டு முறை வாந்திக்கு ஓடியிருக்கிறேன். இந்தப் பெண்களுக்குப் புரியாதா என்ன?

"நிழல் யாரையும் கடிக்காதுடி. நான்தான் முதல் ஆளா நிப்பேன்."

எவ்வளவு வாய் எனக்கு!

பிப்ரவரி 26, வியாழன்

மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டார். "வாயும் வயிறுமா இருக்கிறவ அன்னிக்கு வாசப்படி தாண்டக்கூடாது. ஏற்கெனவே ரெண்டு தங்கல, கோகிலா."

"அது ரெண்டும் கிரகணத்துலயா போச்சு, அத்தை?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

சக்திவேலைக் கேட்டால், "உன் இஷ்டம்மா" என்கிறார். இஷ்டமாம்! புருஷனாவது சண்டை போட்டிருந்தால் எனக்குப் பிடிவாதம் வந்திருக்கும்.

மார்ச் 2

ஒன்றும் ஆகாது. தெரியும். ஆனா ஆயிடுச்சுன்னா?

மார்ச் 3, செவ்வாய்

போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று ஹெச்.எம்.முக்கு மெசேஜ் போட்டேன். அத்தை ஜன்னலைச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டது நான். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். தெருவில் பிள்ளைகள் "அதோ! அதோ!" என்று கத்தினார்கள்.

வெட்கமாக இருந்தது. மானம் போனால் போகட்டும், இது ஒன்று தங்கட்டும்.

மார்ச் 4, புதன்

"ஃபீவர் சரியாயிடுச்சா மிஸ்?" என்றாள் ஜான்சி. கேலி இல்லை. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை.

"நீங்களே வரலைன்னதும் பயமாயிடுச்சு மிஸ். நாங்க பாதிப் பேர் மாடிக்கே போகல."

மார்ச் 9, திங்கள்

குரோம்பேட்டையில் ஸ்கேன். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

துடிப்பு இல்லையாம். வளர்ச்சி நின்று இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்குமாம். அப்படியென்றால் கிரகணத்துக்கு முன்பே. நான் மாடிக்கு வருகிறேன் என்று ஜம்பமாகச் சொன்னேனே, ஒருவேளை அதற்கும் முன்பே.

அப்போ கதவைச் சாத்திக்கிட்டு நான் யாருக்குடி காவல் காத்தேன்? இல்லாத பிள்ளைக்கா? ஐயோ.

மார்ச் 11

ஆஸ்பத்திரி. சுத்தம் செய்துவிட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

அத்தை கஞ்சி கொண்டுவந்தார். தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஜன்னல் வழியா எட்டிக் கிட்டிப் பாத்தியா, கண்ணு?"

இல்லை என்றேன். நம்பவில்லை. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அவருக்கும் ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. எனக்கும்தான்.

மார்ச் 18

சக்திவேல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். எனக்குக் கேட்காதாம். மூன்றாவது தரம். இனி யாரும் என்னிடம் "அடுத்த தரம்" என்று சொல்லாதீர்கள்.

மார்ச் 23, திங்கள்

பள்ளிக்குப் போனேன். வகுப்புக்குள் நுழையும் முன்பே ஜான்சி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க வராததே நல்லது மிஸ். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

சும்மா தலையாட்டியிருக்கலாம். முடியவில்லை. உள்ளே போய் எல்லோரிடமும் சொன்னேன். "பாப்பா இல்லம்மா. கிரகணத்துக்கு முன்னாடியே போயிடுச்சு. அன்னிக்கு எனக்குக் காய்ச்சலும் இல்ல. பயந்து உள்ளயே இருந்துட்டேன்."

கடைசி பெஞ்சில் யாரோ அழுதார்கள். ஜான்சி இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ நாங்க பாத்திருக்கலாமா, மிஸ்?"

"பாத்திருக்கலாம்டி" என்றேன். குரல் வெளியே வரவில்லை. அவளுக்குக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.